கண் திறந்து கொடுத்த படம்

பாப்பா,

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த பிறகும் இப்படிக் கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள் என்று போன மாதம் என்னை மிரட்டினாய். சிரிக்கட்டும். உனக்கு வரப்போகிறவரை அவர் அம்மா இன்னும் 'குண்டு' என்றுதான் கூப்பிடுகிறார். நிச்சயதார்த்தத்தில் என் காதால் கேட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். இவ்வளவு நீளமாக எழுத உட்காருவது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்தாதே, அப்படியே படி. ஒன்றைத் திருத்தப் போய்த்தான் நான் இந்தக் கடிதம் எழுதும் நிலைமைக்கு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாய். "நைனா, கேமரா வாங்கிட்டேன். எப்டி போட்டோ புடிக்கறதுன்னு நீ சொல்லிக் குடுக்கணும். வீடியோல பாத்தா ஒரே பேஜாரா கீது" என்றாய். அப்புறம் உன் குரல் இறங்கியது. பூவாடைக்காரி படையலுக்கு, நம் வீட்டுச் சுவரிலிருந்து நீ எடுத்துப்போன அம்மா படத்தைப் பெரிதாக்கி வைக்கலாம் என்று ஸ்கேன் எடுத்திருக்கிறாய். பூவும் பொட்டுமாகப் போனவளைக் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு அழைத்துப் புதுப் புடவை வைத்துப் படைக்கும்போது அவள் முகமும் பெரிதாக இருக்கட்டுமே என்ற ஆசை உனக்கு. நல்ல ஆசைதான். "கண்ணு கிட்ட பெருசு பண்ணிப் பாத்தேன் நைனா. கருவிழிக்குள்ள ஒரு ஆளு நிக்கறான். தலையில ரெண்டு கொம்பு கீது" என்றாய். அதற்குள் திருவள்ளூர் அத்தை உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எமன்தான்டா அது! வந்து நின்னத பாத்துக்கினேதான் போயிருக்கா உம் பொண்டாட்டி. அதான் கண்ணு அப்டி பயந்து கீது. கல்யாண ஊட்ல அத வெக்கக் கூடாது. வெள்ளிக்கெழம எட்தும் போயி பழவேற்காடு ஏரில வுட்டுட்டு வந்துர்றோம்." நீ போனை வாங்கி, "நைனா, கீறியா?" என்றாய். "கீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நானும் பயந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். பயந்தது நிஜம். ஆனால் எமனுக்காக இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நீ கேட்டது இரண்டு: போட்டோ எப்படி எடுப்பது, அம்மா கண்ணுக்குள் நிற்பது யார். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதில் முறுக்கை விட்டுவிட்டு டப்பா அடியில் இருக்கும் தூளைத் தேடுவாய், அந்தக் குணம் உனக்கு உண்டு. போட்டோ எடுக்கிறவளுக்கு முதல் வேலையே பொறுத்திருப்பது.

புதுக் கேமராவை ஒரு வாரம் பைக்குள்ளேயே வைத்திரு. திருநின்றவூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் கிடக்கிறது? ஸ்டேஷனுக்குள் ரயில் நுழையும்போது அந்த நிழல் எப்படிக் கரைகிறது? இதைப் பார்த்துப் பழகு. அப்புறம் கண்ணைப் பார். கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஜன்னல்தான் அது. சட்டமும் கம்பியும் கூடத் தெரியும். எதிரில் என்ன இருக்கிறதோ அது கண்ணுக்குள் குட்டியாக நிற்கும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான முகமும் செத்த முகம்தான். ரொம்ப நேரம் முறைத்துப் பார்க்காதே. எனக்கென்றால் அடி விழும், உனக்கென்றால் கல்யாணம் நின்றுவிடும்.

நான் வெளிச்சம் பார்க்கக் கற்றது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் கம்பெனி கேட்டுகளில். காண்டிராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டை போட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து வரிசையாக வருவார்கள், ஹெல்மெட் அழுத்திய முடியோடு, இரும்புத் தூள் அப்பிய கழுத்தோடு. காலர் வைத்த சட்டைதான் வேண்டும் என்பது காண்டிராக்டர் உத்தரவு. பாதிப் பேர் பனியனில் இருப்பார்கள். அதனால் நானே ஒரு நீலச் சட்டை கொண்டுபோவேன். நாற்பது பேருக்கும் அந்த ஒரே சட்டை. ஒருவன் கழற்றியதும் அடுத்தவன் ஈரத்தோடு மாட்டிக்கொள்வான். அதற்குப் பொத்தான் போட்டு விடுவது உன் அம்மா கஸ்தூரி. போட்டுவிட்டுப் பின்னால் போய் வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆள் உட்கார்ந்திருப்பான், அவனுக்குப் பின்னால் துணி, துணிக்குப் பின்னால் அவள். நான் ஃபோகஸ் பார்த்து முடிப்பதற்குள் அங்கிருந்து சத்தம் வரும்: "யோவ் எரும, சீக்கிரம் புடி. கை நோவுது." வரிசையே சிரிக்கும். "தோ, எருமைய பாத்துச் சிரிச்சவனுக்கெல்லாம் பல்லோட அட்டை வரும்" என்பேன். அவள் எனக்கு வைத்த பேர் அதுதான். கேமராவைக் கண்ணில் வைத்தால் நான் எருமை மாதிரி அசையாமல் நிற்பேனாம்.

அந்தப் படங்களின் மேல் மூலைகளில் அவள் விரல்கள் விழுந்திருக்கும். நாலு விரல் அந்தப் பக்கம், நாலு விரல் இந்தப் பக்கம், துணி ஓரத்தைப் பிடித்தபடி. அட்டைக்கு விரல் ஆகாது. ஒவ்வொரு படத்திலும் கத்தரியால் ஓரத்தை வெட்டிக் குப்பையில் போட்டேன். எத்தனை விரல்களை வெட்டினேன் என்று எனக்கே தெரியாது. நெகடிவ்களையும் காண்டிராக்டர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். அதனால் சொல்கிறேன், பொத்தானை அழுத்தும் முன் ஒரு தடவை நாலு ஓரத்தையும் பார். நடுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்கள்.

எங்கள் கல்யாணப் படம் எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னேன் அல்லவா? பொய். திருப்பாச்சூர் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையே போட்டோக்காரன், வெளி ஆள் எதற்கு என்று என் கேமராவில் நானே ஃபிலிம் போட்டு, கூட வந்த சினேகிதனிடம் கொடுத்தேன். அவன் முப்பத்தாறு தடவை அழுத்தினான். நான் கழுத்தை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, ராஜா மாதிரி நின்றேன். லேபில் கழுவினால் ஃபிலிம் சுத்தமாக இருந்தது. அவசரத்தில் ஃபிலிமின் நுனி நாக்கைக் கேமரா உருளையின் பல்லில் நான் சரியாக மாட்டவில்லை. அது உருளவே இல்லை. அவன் அழுத்தியது அத்தனையும் காற்றில் போயிற்று. கஸ்தூரி ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உன் கேமராவில் ஃபிலிம் கிடையாது. இருந்தாலும் முதல் படத்தை எடுத்ததும் உள்ளே பதிந்ததா என்று பார்த்துக்கொள். ராஜா மாதிரி நிற்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் அவளைப் படம் எடுக்க எனக்கு எட்டு வருஷம் இருந்தது. அவள் கேட்காமல் இல்லை. "ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் புடிக்கிற, எம்மூஞ்சிய ஒரு தபா புடியேன்யா" என்பாள். "உன்ன புடிச்சா கண்ணாடி ஒடைஞ்சிடும். அப்பால வேற கண்ணாடிக்கு நான் எங்க போவேன்?" என்பேன். "தோடா, இவுரு பெரிய அழகு" என்று துணியை உதறி மடிப்பாள். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. கேலி செய்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி, உனக்குத் தெரியும். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு கேமராவை அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். பக்கத்திலேயே இருப்பவர்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் எல்லாப் போட்டோக்காரனும் நினைக்கிறான். நீ நினைக்காதே.

உனக்கு ஏழு வயது. அவளுக்கு நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் அவள் இல்லை. வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். யாரோ படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பத்து ஊருக்குச் சாவு வீட்டில் படம் எடுத்தவன் நான்தான். கூட்டத்தில் ஒரு கிழவர், "இன்னாப்பா, போட்டோக்காரன் ஊட்லயே ஒரு போட்டோ இல்லியா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். வாக்காளர் அட்டையில் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கினால் கரித்துண்டு. நானே கேமராவை எடுத்து வந்தேன். காலை வெயில் தெருப் பக்கமிருந்து அவள் இடது கன்னத்தில் விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம் என்று என் மண்டைக்குள் ஒருவன் சொன்னான், அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கிட்டே போனேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். சீக்கிரம் புடி, கை நோவுது என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளைப் படம் எடுத்தேன்.

சாவுப் படம் எடுத்தால் அடுத்த வேலை ஒன்று உண்டு. "அண்ணே, கண்ணு தொறந்து குடுங்க" என்பார்கள். கண் மூடிய முகத்தை யாரும் சுவரில் மாட்டிக் கும்பிட மாட்டார்கள். தாடைக் கட்டை அழித்து, காசை எடுத்துவிட்டுப் பொட்டு வைத்து, இன்னொருவர் கண்ணை வெட்டி ஒட்டித் திறந்து கொடுப்போம். ஸ்டேஷன் பக்கத்து லேபில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அதில் கெட்டிக்காரி. அவளிடம் கண்களுக்கென்றே தனியாகச் சேர்த்து வைத்த படங்கள் உண்டு. ஆம்பளை கண், பொம்பளை கண், வயசானவர் கண். எப்போதோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு போன ஒரு டீச்சரின் கண், அவருக்கே தெரியாமல் கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் எத்தனையோ முகங்களில் விழித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை இது எனக்குத் தப்பாகவே தெரிந்ததில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு ஸ்டெல்லா ரொம்ப மெதுவாகக் கேட்டாள், "அண்ணே, அக்காவுக்கு யார் கண்ணு வெக்கட்டும்?" ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். டீச்சர் கண்ணும் வந்தது. யாரோ ஒருத்தியின் கண்ணால் கஸ்தூரி தினமும் என்னைப் பார்க்க வேண்டுமா? முடியாது என்றேன். முந்தின மாதம்தான் உன் பள்ளிக்கூட அட்டைக்கு உன்னைப் படம் எடுத்திருந்தேன். அந்த நெகடிவ் ஸ்டெல்லாவிடமே இருந்தது. "பாப்பா கண்ண வெய்யி" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "கொழந்த கண்ணுண்ணே. பெருசா தெரியும். பயந்த மாதிரி இருக்கும்." "பரவால்ல வெய்யி. அவ பெத்ததுதான?"

ஆமாம் பாப்பா. இதைத்தான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை. சுவரில் இருந்த அம்மா படத்தில் இருப்பது அம்மா கண் இல்லை. உன் கண். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, "அப்டியே ஒங்கம்மா கண்ணுடி" என்பார்கள். நீ உடனே கண்ணாடி முன்னால் போய் நிற்பாய். பத்து வயதில் ஒரு நாள், "நைனா, அம்மா எங்கிட்ட கண்ண குட்த்துட்டுப் போயிருக்கா" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "மூக்கு மட்டும் எங்கிட்டருந்து வாங்கிக்கினியா, அதான் பஜ்ஜி மாதிரி கீது" என்று கேலி செய்து தப்பித்துவிட்டேன்.

ஆனால் படத்திடமிருந்து தப்பிக்க முடியவில்லை. போட்டோக்காரன் கண்ணுக்கு அது ஒவ்வொரு நாளும் தெரியும். முகத்தில் காலை வெயில், கண்ணில் சாயங்கால வானம். ஒரே முகத்தில் இரண்டு பகல். எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்தக் கண் என் மேல்தான் இருக்கும். அதனால்தான் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். காற்றுக்காக என்று உன்னிடம் சொன்னேன். நீ வளர்ந்தாய், படித்தாய், ரயில் ஏறி வேலைக்குப் போனாய். சுவரில் மட்டும் ஏழு வயதிலேயே நின்று என்னைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்தாய். அந்த மிரட்சிக்குக் காரணம் நான்தான் என்று நினைத்திருந்தேன். உன் பள்ளிக்கூடப் படம் எடுத்த அன்றைக்கு நீ சிரித்துச் சிரித்து ஐந்து படம் பாழாக்கினாய். முன் பல் விழுந்த வாய் வேறு. எனக்குக் கோபம் வந்து, "சிரிக்காத! அறைஞ்சேன்னா பாரு!" என்று கத்தினேன். நீ உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை அகலமாகத் திறந்தாய். அந்த நொடியில்தான் அழுத்தினேன். ஆக, என் சத்தத்துக்குப் பயந்த கண்ணை வெட்டி, என்னிடம் ஒரு நாளும் பயப்படாதவள் முகத்தில் ஒட்டிவிட்டேன். இருபது வருஷமாக என் வீட்டில் இருந்த பேய் இதுதான்.

இப்போது உன் எமனுக்கு வருகிறேன். நீ போனில் அனுப்பிய படத்தை, நெகடிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் பின்கட்டில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த சுவர் முன்னால் உன்னை நிறுத்தி, எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு கிட்டே வந்து எடுத்த பள்ளிக்கூடப் படத்தின் கண் அது. அதனால் உன் கண்ணுக்குள் நிற்கிறவன் நான். நன்றாகப் பார், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டையாக ஒன்று இருக்கும், அது கேமரா. அவன் தோளுக்குப் பின்னால் இன்னொரு நிழல் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. புடவைத் தலைப்பு மாதிரி ஒரு சரிவு. அங்கிருந்து ஒரு கை மேலே வந்து என் தலைக்கு மேல் நிற்கிறது. இரண்டு விரல் விரித்து.

அன்றைக்குத் துணி பிடிக்கிற வேலை இல்லை, சுவரே வெள்ளை. சும்மா நின்றவள் எனக்குப் பின்னால் நின்று எனக்குக் கொம்பு வைத்திருக்கிறாள், பாப்பா. எருமைக் கொம்பு. நீ அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாய். நான் கத்தின பிறகும் அவள் கையை இறக்கவில்லை. நீ பயந்து கண்ணை விரிக்கவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் விரித்திருக்கிறாய். படம் எடுத்து முடித்ததும், "இன்னாத்துக்குச் சிரிச்சா இவ?" என்று கஸ்தூரியிடம் கேட்டேன். "அது எங்களுக்குள்ள. உனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

சத்தியமாக அது விரல்தானா, முருங்கைக் கிளையின் நிழல் வந்து விழுந்ததா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நெல் அளவு புள்ளி அது. ஆனால் நீ அங்கே இருந்தாய். கண்ணை மூடி யோசித்துப் பார். உனக்கு ஞாபகம் வந்தால் எனக்கு ஒரு போன் போடு. வராவிட்டாலும் போடு.

அத்தையிடம் படத்தைக் கொடுக்காதே. எமன் இல்லை, எமன் ஏறி வருகிற எருமைதான் என்று சொல், அவளுக்கு என்னைத் தெரியும். அதைப் படையலில் வைப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் உன்னிடம் பொய் சொன்ன படம் அது, வேண்டாம் என்றால் எனக்கு வாய் இல்லை. கண் மூடிய நிஜப் படமும் என் பெட்டியில் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். ஆனால் தண்ணீரில் மட்டும் விடாதே. வாக்காளர் அட்டைக் கரித்துண்டை விட்டால், எனக்குத் தெரிந்து கஸ்தூரி உயிரோடு விழுந்த படம் உலகத்தில் அது ஒன்றுதான், உன் கண்ணுக்குள்.

சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். கேமராவை எடுத்து வை. முதல் படம் என்னை எடு. முகத்தில் சுருக்கம், வாயில் பல் இல்லை, பரவாயில்லை. எனக்கு யார் கண்ணையும் ஒட்டிக்கொண்டு உட்காராதே, திறந்திருக்கும்போதே எடுத்துவிடு. நான் சத்தம் போட்டாலும் அவசரப்படாதே. வெளிச்சத்தைப் பார், நாலு ஓரத்தையும் பார். உன் குண்டுவைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால் நிற்கச் சொல். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நீயே சொல்லிவிடு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கண்ணில் நிற்கும் எருமை